அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு எண்ணெய்: எங்கே, எது, எத்தனை சொட்டு

"வண்டி இழுக்க மாட்டேங்கு அண்ணாச்சி, கார்பரேட்டரைக் கழட்டிப் பாத்துருங்க." பழைய அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் ஒர்க்ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொல்வது பெரும்பாலும் இதுதான். கார்பரேட்டரைக் கழட்டுவார்கள், பெட்ரோலில் கழுவுவார்கள், ஜெட்டை ஊதி மாட்டுவார்கள். பாளையங்கோட்டையில் புறப்பட்ட வண்டி ஆலங்குளம் தாண்டுவதற்குள் மறுபடியும் இழுவை குறைந்து, எஞ்சின் சூடாகி நிற்கும். அத்தனை வேலையிலும், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து ஸ்பார்க் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள். திறந்தாலும், காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எண்ணெய் விட வேண்டிய இடம் ஒன்று அதற்குள் இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

டிஸ்ட்ரிபியூட்டரை மின்சாமான் என்று மட்டும் எண்ணுவதால் வரும் வினை இது. அதற்குள் சுற்றும் தண்டு இருக்கிறது, தண்டைத் தாங்கும் புஷ் இருக்கிறது, வேகம் கூடக்கூட விரியும் கவர்னர் வெயிட்டுகள் இருக்கின்றன, தண்டோடு சுற்றிப் பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேமும், அதை உரசியபடியே இருக்கும் பாயிண்டின் ஃபைபர் துண்டும் இருக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு அதில் பாதி, 1500 சுற்று சுற்றும். நாலு சிலிண்டர் வண்டியில் ஒரு சுற்றுக்கு நாலு முறை பாயிண்ட் திறக்கும். நிமிடத்துக்கு 6000, நொடிக்கு 100. அந்த நூறு உரசலும் வறண்ட உலோகத்தின் மேல் நடந்தால் ஃபைபர் எத்தனை நாள் தாங்கும்?

இங்கே சொல்வது முக்கியமாக 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அம்பாசடருக்கு. அதில் வருவது லூகாஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சினின் வலப்பக்கம், அதாவது டிரைவர் பக்கம், பிளாக்கை ஒட்டி இருக்கும். மேலிருந்து பார்த்தால், தண்டின் உச்சியில் மாட்டியிருக்கும் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை, 1-3-4-2. பத்மினிக்கும் பெட்ரோல் ஜீப்புக்கும் உள்ள வேறுபாடுகளை இடையிடையே சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் இக்னிஷன் சாவியை எடுத்துவிடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவி போட்டபடியே கிடந்தால், ஸ்பார்க்குக்கு வேண்டிய அளவுக்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கொதித்துக் கெட்டுப்போக அது போதும். அடுத்து, மூடியைத் திறக்காமலே வெளிப்பக்கத்தைத் துடையுங்கள். நம் பக்கத்தில் இது மிகவும் முக்கியம். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் அடிக்கும் காற்று பானெட்டுக்குள் மண்ணை வாரிக் கொட்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் ஓடும் வண்டியென்றால் தேரியின் செம்மணல் மாவு மாதிரி படிந்திருக்கும். அந்த மணல் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்து கிரீஸோடு சேர்ந்தால், நீங்கள் கேமுக்குத் தடவியது கிரீஸ் அல்ல, வால்வு உட்கார வைக்கும் கிரைண்டிங் பேஸ்ட். ஈரத்துணியால் துடைத்து, சைக்கிள் பம்பால் ஊதி, அதன் பிறகு இரண்டு கிளிப்பையும் விடுவியுங்கள். பிளக் ஒயர்களைப் பிடுங்கத் தேவையில்லை. மூடியை ஒயர்களோடு அப்படியே ஓரமாகச் சாய்த்து வைத்தால் போதும்.

ரோட்டரை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஆட்டி, முறுக்கி எடுத்தால் உடையும். ரோட்டரை எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள், அது எண்ணெய் தேவையா என்று உடனே சொல்லிவிடும். ரோட்டரை இரண்டு விரலால் பிடித்து, அது சுற்றும் திசையில், அம்பாசடரில் இடஞ்சுழியாக, மெல்ல முறுக்குங்கள். சிறிது தூரம் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திரும்ப வேண்டும். விட்டவுடன் 'டக்'கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். சோம்பேறித்தனமாக ஊர்ந்து வந்தாலோ, பாதியில் நின்றுவிட்டாலோ, திரும்பவே மறுத்தாலோ, கேம் தண்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் கவர்னர் வெயிட்டுகள் முளையில் இறுகியிருக்கின்றன. உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுற்றும் என்று சந்தேகமிருந்தால் மூடியை எடுத்துவிட்டு ஒருவரை ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டச் சொல்லிப் பாருங்கள். தட்டும்போது கையும் துணியும் தள்ளியே இருக்கட்டும்.

இந்த ஒட்டல்தான் "இழுக்க மாட்டேங்கு" என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் அடிக்கடி வருவதும், அடிக்கடி தப்பவிடப்படுவதும். எஞ்சின் வேகம் கூடும்போது பெட்ரோல் எரிய அதே நேரம்தான் எடுக்கும், ஆனால் பிஸ்டன் சீக்கிரம் மேலே வந்துவிடும். அதனால் ஸ்பார்க்கை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதைச் செய்வது கவர்னர் வெயிட்டுகள். தண்டு வேகமாகச் சுற்றச்சுற்ற அவை விரிந்து கேமைச் சுற்றும் திசையில் கொஞ்சம் முன்னால் தள்ளும். கேம் தண்டின் மேல் சுழல முடியாமல் ஒட்டிக்கொண்டால் இந்த முன்தள்ளல், அதாவது அட்வான்ஸ், கிடையாது. ஐடிலில் வண்டி அருமையாக நிற்கும், ஸ்டார்ட்டும் ஆகும். ரோட்டில் ஏறினால் இழுவை இருக்காது, சைலன்சர் பக்கம் சூடு ஏறும், ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோல் குடிக்கும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் வண்டி செகண்ட் கியரில் திணறும். இதற்கு எதிர்மாறாக, விரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட்டர் போடும்போது எஞ்சின் திருப்பி உதைக்கும், மெதுவான வேகத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் தட்டல் சத்தம் கேட்கும். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்த உதை மணிக்கட்டை உடைக்கும்.

முதல் எண்ணெய் இதற்குத்தான். ரோட்டரை எடுத்ததும் கேமின் நடுவில் குழிக்குள் ஒரு ஸ்க்ரூத் தலை தெரியும். அதைச் சுற்றி 2 சொட்டு எஞ்சின் ஆயில். ஸ்க்ரூவைக் கழட்ட வேண்டாம். எண்ணெய் உள்ளே இறங்குவதற்கென்றே அந்த ஸ்க்ரூவைச் சுற்றி இடைவெளி விட்டுச் செய்திருக்கிறார்கள். கேமுக்கும் அதற்குள் இருக்கும் தண்டுக்கும் நடுவில் அந்த எண்ணெய் இறங்கும். விட்டுவிட்டு ரோட்டரை மாட்டி, முன்போலவே பத்துப் பதினைந்து முறை முறுக்கி விடுங்கள். சில டிஸ்ட்ரிபியூட்டர்களில், வில்லிஸ் ஜீப்பில் வருவது போல, ரோட்டருக்குக் கீழே ஸ்க்ரூவுக்குப் பதில் ஒரு சின்ன ஃபெல்ட் திரி இருக்கும். அதற்கு 1 சொட்டு. திரி காய்ந்து கருகிக் கல்லாகியிருந்தால் எண்ணெயை அது வாங்காது. அதைக் குத்தி எடுத்துவிட்டு, புது ஃபெல்ட்டை அளவாக வெட்டி வையுங்கள்.

இரண்டாவது இடம் கவர்னர். அது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். கேம் மேலே வரும் இடத்தில், பிளேட்டில் கேமைச் சுற்றி வட்டமான சந்து ஒன்று தெரியும். அந்தச் சந்து வழியாக, பாயிண்டுக்கு எதிர்ப்பக்கத்தில், 3 சொட்டு. எண்ணெய்க் குப்பியின் மூக்கால் இதைச் செய்யாதீர்கள், அது ஒரே அழுத்தில் ஒரு ஸ்பூன் கொட்டிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் 2 மில்லி சிரிஞ்ச், முனை மழுக்கிய ஊசியோடு இருந்தால் சொட்டு சொட்டாக, நினைத்த இடத்தில் விழும். கணக்குக்காகச் சொல்கிறேன்: மருந்து விடும் டிராப்பரில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் முழுவதற்கும் சேர்த்து நீங்கள் விடப்போவது 7 சொட்டு. மூன்றில் ஒரு மில்லி. அதற்குமேல் போனால் எங்கே போகும் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, பாயிண்டின் அசையும் கை சுழலும் முளை. இதற்கு 1 சொட்டு, அதுவும் ஊசிமுனையில் தொங்கும் அளவு. தையல் மெஷின் எண்ணெய் இந்த ஒரு இடத்துக்கு நல்லது, மெல்லியது என்பதால் சந்துக்குள் ஏறிவிடும். முளை துருப்பிடித்து இறுகினால் கையின் பிளேட் ஸ்பிரிங்கால் அதை வேகமாக மூட முடியாது. குறைந்த வேகத்தில் ஒழுங்காக ஓடி, வேகம் கூடியதும் மிஸ்ஸிங் அடிக்கும். குளிரக் குளிரச் சாரலில் நின்ற வண்டி, உவரி, இடிந்தகரை மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டி, இரண்டிலும் இந்தத் துரு சகஜம்.

பாயிண்டைக் கழட்டி முளையைச் சுத்தம் செய்வதானால், திரும்ப மாட்டும் வரிசையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரண்டு துண்டுப் பாயிண்டில், நட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் புஷ் ஒன்று இருக்கும். கண்டென்சர் (பாயிண்ட் பொறியில் கருகாமல் காக்கும் சின்ன டப்பா) ஒயரின் டேக், காயில் ஒயரின் டேக், பாயிண்ட் ஸ்பிரிங், மூன்றும் அந்தப் புஷ்ஷின் கழுத்தில்தான் உட்கார வேண்டும். டேக் ஒன்று நட்டையோ முளையையோ தொட்டுவிட்டால் மொத்தமும் எர்த் ஆகிவிடும், ஸ்பார்க்கே வராது. எண்ணெய் விட எடுத்த வண்டியை டோ செய்து கொண்டுபோக வைப்பது இந்தத் தப்புதான்.

நாலாவது கேம். இங்கே எண்ணெய் அல்ல, கிரீஸ். எண்ணெய் விட்டால் சுற்றும் வேகத்தில் சிதறிப் பாயிண்டில் போய் விழும். முதலில் பழைய கிரீஸைப் பெட்ரோலில் நனைத்த பனியன் துணியால் துடைத்து எடுங்கள். கேமின் நாலு முகமும் பளபளவென்று இருக்க வேண்டும். சிவந்த துரு இருந்தால் 600 நம்பர் நீர்த்தாளால் லேசாகத் தடவி எடுத்துவிட்டு, தூளைத் துடைத்துவிடுங்கள். ஃபைபருக்கு அந்தத் துரு அரம். பிறகு அரை அரிசி அளவு கிரீஸை விரல் நுனியில் எடுத்து, நாலு முகத்திலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். கையில் மிச்சம் ஒட்டியிருப்பதை, கேம் சுற்றிவந்து ஃபைபரை முதலில் சந்திக்கும் பக்கம், ஃபைபரின் மூலையில் வைத்துவிடுங்கள். கேம் ஒவ்வொரு சுற்றிலும் அங்கிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பின்பக்கம் வைத்தால் அது வழிந்து பிளேட்டில் விழும், யாருக்கும் உதவாது.

கேம் வறண்டால் நடப்பது இது. ஃபைபர் தேயும். ஃபைபர் தேய்ந்தால் பாயிண்ட் இடைவெளி குறையும். அம்பாசடருக்கு இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், மில்லிமீட்டரில் 0.35 முதல் 0.40. அது குறையக் குறைய பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் கூடும், திறப்பது தாமதமாகும். பாயிண்ட் திறக்கும் நொடிதான் ஸ்பார்க். ஆகவே யாரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமலே டைமிங் பின்வாங்கிவிடும். மூடியிருக்கும் கோணம், அதாவது டுவெல், 1 டிகிரி கூடினால் கிராங்க் கணக்கில் டைமிங் ஏறக்குறைய 1 டிகிரி தாமதிக்கும். 25டி4-க்கு டுவெல் 60 டிகிரி, கூடக்குறைய 3. "பாயிண்ட் புதுசு போட்டு மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள பிக்கப் போயிட்டு" என்று வரும் வண்டிகளில் கேமைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒன்றும் ஒட்டாது. புதுப் பாயிண்ட் போடும்போது கிரீஸ் வைக்க மறந்திருப்பார்கள். கிரீஸ் வைத்தாலும்கூட புது ஃபைபர் முதலில் கொஞ்சம் தேய்ந்து கேமோடு படியும். அதனால் 800 கிலோமீட்டர் வாக்கில் இடைவெளியை மறுபடி ஃபீலர் கேஜால் பார்ப்பது கட்டாயம்.

இடைவெளி பார்க்க, ஃபைபர் கேமின் உச்சியில் நிற்க வேண்டும். வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கையால் மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். ஹேண்டில் இருந்தால் இன்னும் சுலபம். பத்மினிக்கு இடைவெளி இதுவல்ல, அதன் கையேட்டில் உள்ளதையே வையுங்கள். வில்லிஸ் ஜீப்புக்கு 0.020 அங்குலம். அதன் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் பக்கவாட்டில் மூடியோடு ஒரு எண்ணெய்க் குப்பி இருக்கும், தண்டின் புஷ்ஷுக்காக. அதில் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு மூடியை அடைக்க வேண்டும். வெளியே இருப்பதால் மண் ஏறி அடைந்து, பெயிண்ட் பூசி மறைந்துபோன ஜீப்புகளே அதிகம். தேடிப் பாருங்கள்.

பேஸ் பிளேட் பற்றியும் ஒரு வார்த்தை. 25டி4-இல் அது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளேட். எஞ்சின் உறிஞ்சும் வேக்கத்தால் வேலை செய்யும் வேக்கம் யூனிட் இழுக்கும்போது மேல் பிளேட் கீழ்ப் பிளேட்டின் மேல் சறுக்கித் திரும்பும். சறுக்கும் இடத்தில் 1 சொட்டு, வேக்கம் கம்பி கோத்திருக்கும் முளையில் ஊசிமுனையைத் தொட்டு எடுத்தால் போதும். வேக்கம் யூனிட்டுக்குள் எண்ணெய் விடவே கூடாது, உள்ளே ரப்பர் டயாஃப்ரம். அது நல்லதா என்று பார்க்க, கார்பரேட்டரிலிருந்து வரும் சின்னக் குழாயை அந்த முனையில் கழட்டி வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். பிளேட் திரும்பி அப்படியே நிற்க வேண்டும். திரும்பி உடனே தளர்ந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. திரும்பவே இல்லையென்றால் பிளேட் இறுகியிருக்கிறது, எண்ணெய் விட்டு ஆட்டிப் பார்க்கலாம். பிளேட் திரும்பும்போது அதோடு அசையும் சின்னப் பின்னல் எர்த் ஒயரையும் கவனியுங்கள். துணி போல நைந்து ஓரிரண்டு இழையில் தொங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் வண்டிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

சில 25டி4-இல் வேக்கம் யூனிட்டின் வெளி ஓரத்தில் டைமிங் நுணுக்கமாகத் திருத்த வரிவரியாகச் செதுக்கிய ஒரு சின்ன நட் இருக்கும். 'டிக் டிக்' என்று 11 சத்தத்துக்கு 1 டிகிரி. அதன் மரையில் மண் இறுகி அசையாமல் கிடக்கும். மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி 1 சொட்டு விட்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்பி, எண்ணி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து விடுங்கள். இது வெளிப்பக்கம், மேலே சொன்ன 7 சொட்டுக் கணக்கில் சேராது.

எது வேண்டாம்

எண்ணெய் விஷயத்தில் வீட்டில் கிடைப்பதை விடுவது இன்னும் நடக்கிறது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். எஞ்சின் சூட்டில் அது பிசினாகி, கவர்னர் முளையில் வார்னிஷ் பூசியது போல ஒட்டிக்கொள்ளும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் அதே கதி. துரு நீக்கும் ஸ்ப்ரே எண்ணெய் அல்ல. அது இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டு, இரண்டு நாளில் ஆவியாகிவிடும். இறுகிய பாகத்தைக் கழட்ட உதவும், உயவுக்கு உதவாது. கியர் ஆயில் கெட்டி, வெயிட்டுகள் சுறுசுறுப்பாக விரியாது. கையில் இருக்கும் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் கேமுக்குள் இருக்கும் தண்டுக்கும் கவர்னருக்கும் சரியாக இருக்கிறது. சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் ஏறும் சூட்டுக்கு அதைவிட மெல்லிய எண்ணெய் சீக்கிரம் வறண்டுவிடும் என்பதால் நான் அதையே சொல்வேன். கழிவு ஆயில் கூடாது, அதில் இருக்கும் கரியும் உலோகத் தூளும் புஷ்ஷைத் தின்றுவிடும்.

கிரீஸில் டிஸ்ட்ரிபியூட்டருக்கென்றே பாஷ் கம்பெனி விற்கும் சின்ன டியூப் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டியூப் பல வருஷம் வரும். கிடைக்காவிட்டால் வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸ். சேஸிஸுக்கு அடிக்கும் சாதா மஞ்சள் கிரீஸ் சூட்டில் உருகி வழிந்துவிடும். கிராஃபைட் கலந்த கறுப்பு கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தும், அதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கொண்டே போகாதீர்கள். சிலிக்கோன் கிரீஸும் ஆகாது. அதன் ஆவி பாயிண்டின் ஸ்பார்க்கில் எரிந்து, மணல் போன்ற கடத்தாத படலமாகப் பாயிண்ட் முகத்தில் படியும். அதன் பிறகு எவ்வளவு இடைவெளி வைத்தாலும் வண்டி பிடிக்காது.

கூடிப்போனால்

வறட்சியைவிட எண்ணெய் கூடிப்போய் நின்ற வண்டிகள் குறைவில்லை. தண்டு சுற்றும்போது மிச்ச எண்ணெய் சிதறி, சூட்டில் ஆவியாகி, பாயிண்ட் முகத்தில் படிகிறது. பாயிண்ட் திறக்கும்போது வரும் சின்னப் பொறியில் அது எரிந்து கரியாகிறது. கரி படிந்த பாயிண்ட் மூடினாலும் முழுக் கரண்ட் போகாது, காயிலுக்குப் பலம் கிடைக்காது, ஸ்பார்க் மஞ்சளாக வலுவிழந்து வரும். அடையாளம் தெளிவானது: பாயிண்டுக்கு நேர் கீழே, பேஸ் பிளேட்டில் கறுப்பாகத் தீற்றியது போல ஒரு கோடு. அதைப் பார்த்துவிட்டால் கண்டென்சரைக் குறை சொல்லுமுன் எண்ணெயைத் துடையுங்கள். அச்சில்லாத வெள்ளை அட்டையை நீளமாக வெட்டி, பெட்ரோலில் நனைத்துப் பாயிண்டுக்கு நடுவில் விட்டு மூடவைத்து இழுங்கள். கறுப்பு வரும். அடுத்து காய்ந்த அட்டையால், வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுங்கள். எண்ணெய் விட்டு முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் இதைச் செய்வது நல்ல பழக்கம். ரோட்டரின் பித்தளை முனைக்கும், மூடிக்குள் இருக்கும் நாலு முனைக்கும், நடுவில் இருக்கும் கார்பன் பிரஷ்ஷுக்கும் எந்த எண்ணெயும் படக்கூடாது. மூடியின் உட்புறத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, மயிரிழை போல விரிசலோ கரிக்கோடோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குற்றாலம் சாரலில் போய் நிற்கும் வண்டிக்கு அந்தக் கோடு வழியாகத்தான் ஈரம் கரண்டைத் திருடும்.

புஷ் தேய்ந்திருந்தால்

எல்லா எண்ணெயும் விட்டு, பாயிண்டும் சரியாக வைத்து, அப்படியும் ஐடில் நிலைக்காமல் தடுமாறினால் தண்டின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பாயிண்ட் இடைவெளி கண்ணுக்குத் தெரியக் கூடிக் குறைந்தால் புஷ் போய்விட்டது. நாலு சிலிண்டருக்கும் நாலு விதமான டைமிங் போய்க்கொண்டிருக்கும். எத்தனை எண்ணெய் விட்டாலும் தேய்ந்த உலோகம் திரும்பி வராது.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டும்போது, அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் கிளாம்ப் பிளேட்டின் இரண்டு போல்ட்டை மட்டும் எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தாவிட்டால் டைமிங் மாறாமல் வரும், மாறாமல் போகும். கீழ்முனையில் இருக்கும் நாக்கு நடுவிலிருந்து ஓரம் தள்ளியிருப்பதால் ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். ஆனால் உள்ளே, கேமைத் தண்டிலிருந்து எடுப்பதானால் ரோட்டரின் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வையுங்கள். கேமை 180 டிகிரி மாற்றிக்கூட மாட்ட முடியும். அப்படி மாட்டினால் ஸ்பார்க் எதிர்ச் சிலிண்டருக்குப் போகும்.

கவர்னரின் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று மெல்லியதாக இறுக்கமாகவும், மற்றது தடித்து, தொளதொளவென்றும் இருக்கும். தொளதொளப்பு பழுதல்ல. தடித்த ஸ்பிரிங் வேகம் ஏறிய பிறகுதான் வேலைக்கு வர வேண்டும், அதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அதை வளைத்து இறுக்கிவிட்டால் அட்வான்ஸ் பாதியிலேயே நின்றுவிடும். நன்றாக வேலை செய்யத் தெரிந்தவர்களும் தவறும் இடம் இது.

புதுப் புஷ் துளைகள் நிறைந்த வெண்கலத் தூளில் அழுத்திச் செய்தது. எண்ணெயைத் தன்னுள்ளே வைத்திருந்து கசியவிடும். அதனால் அடிப்பதற்கு முன் சுத்தமான எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறப்போட வேண்டும். அவசரமென்றால் எண்ணெயை 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி 2 மணி நேரம் வைத்து, எண்ணெயிலேயே ஆறவிட்டு எடுக்கலாம். உலர்ந்த புஷ்ஷை அப்படியே அடித்து, இறுக்கமாக இருக்கிறதென்று ரீமர் விட்டால் துளைகள் அடைபட்டுவிடும். அடைபட்ட புஷ் வெறும் பித்தளைக் குழாய். லேத்தில் பித்தளையில் கடைந்து போடும் புஷ்ஷும் இதே காரணத்தால் சீக்கிரம் தேய்கிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஓடும் வண்டிக்கு 5000 கிலோமீட்டர். ஆனால் இன்று நம் ஊரில் மிச்சமிருக்கும் அம்பாசடர்களில் பல, கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் வெளியே வந்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விடுபவை. அவற்றுக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. நிற்கும் வண்டியில் எண்ணெய் கீழே இறங்கிவிடும், கேமின் கிரீஸ் காய்ந்து மெழுகாகும். வருஷத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொள்ளுங்கள்: வைகாசியில் காற்று எழும்புமுன் ஒன்று, புரட்டாசியில் மழைக்கு முன் ஒன்று.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரைமீறியது போல வெள்ளம் புகுந்த வண்டியானால், வேலை வேறு. மூடியைத் திறந்து பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. வண்டல் கவர்னர் வரை இறங்கியிருக்கும், மேலே எண்ணெய் விட்டால் அது சேறாகக் குழையும். டிஸ்ட்ரிபியூட்டரை முழுவதும் கழட்டி, வேக்கம் யூனிட்டையும் கண்டென்சரையும் பிரித்து வைத்துவிட்டு, மீதியை மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து, நிழலில் உலரவிட்டு, அதன் பிறகு மேலே சொன்ன வரிசையில் எண்ணெய் விடுங்கள். பாயிண்டும் கண்டென்சரும் புதுசு போடுவதே நல்லது.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போட்டவர்கள் இதெல்லாம் நமக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். கேமை உரச ஃபைபர் இல்லை, அதனால் கேம் கிரீஸும் பாயிண்ட் முளை எண்ணெயும் தேவையில்லை. ஸ்க்ரூவைச் சுற்றி 2 சொட்டும், கவர்னருக்கு 3 சொட்டும், பேஸ் பிளேட்டுக்கு 1 சொட்டும் அப்படியேதான். பாயிண்ட் பார்க்க மூடியைத் திறக்கும் வழக்கம் போய்விட்டதால், கிட் போட்ட வண்டிகளில் கவர்னர் இறுகுவது இன்னும் எளிது.

எல்லாம் முடிந்து மூடியைப் போட்டபின் டைமிங் லைட் இருந்தால் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். வேக்கம் குழாயைக் கழட்டி முனையை அடைத்துவிட்டு, ஐடிலில் புல்லியின் குறியைக் கவனியுங்கள், பிறகு மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். குறி தடங்கலில்லாமல் முன்னால் நகர்ந்து, விட்டதும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து நின்றால் எண்ணெய் இன்னும் இறங்கவில்லை. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கேமைக் கழட்டித்தான் ஆக வேண்டும்.